அறுபது விநாடிக்குள் அணைத்தால்

உலகத்தில் பண்பாடு என்று ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறதென்றால், அது திரைப் பண்பாட்டு வாரியத்தால்தான். வாரியத்தின் வாசலில் இதைப் பித்தளைப் பலகையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். பலகையைத் துடைக்கிறவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. ‘பண்பாடு’ என்ற இடத்தில் பச்சை பூத்துவிட்டதால், உலகத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்பது வருகிறவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை.

படங்களைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற இந்த வாரியம் இருப்பது ஒரு வாடகைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். இரண்டாம் மாடியில் பல் வைத்தியர். கடைவாய்ப்பல் பிடுங்கும்போது எழும் அலறல் மேலே பார்வை அரங்கு வரை கேட்கும். ஆரம்பத்தில் உறுப்பினர்கள் அதைப் படத்தின் ஒலி என்று நினைத்து இரண்டு படங்களில் வெட்டச் சொன்னார்கள். பிறகு பழகிவிட்டது. அந்தக் கட்டடத்தில் யார் அலறினாலும் இப்போது யாரும் எழுந்துபோய்ப் பார்ப்பதில்லை.

சட்டப்படி ஒவ்வொரு பார்வைக் குழுவிலும் ஒரு சாமானியர் இருக்க வேண்டும். மின் இணைப்பு எண்களைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். அந்தமுறை விழுந்தது ஒரு தையல்காரம்மாவின் கடை எண். அவர் புதுத் துணி தைப்பதில்லை. பிடிப்பது, விடுவது, நீட்டுவது, குறைப்பது இவைதான் தொழில். ஊர்க்காரர்கள் இளைத்ததும் பெருத்ததும் அவர் கைக்குத்தான் முதலில் தெரியும்.

‘தாங்கள் சாமானியர் எனத் தீர்மானிக்கப்பட்டுள்ளீர்கள். இதை மறுப்பது தண்டனைக்குரியது’ என்றது கடிதம்.

“பார்த்தியாம்மா, நீ சாதாரண ஆளுன்னு அரசாங்கமே ஒத்துக்கிச்சு,” என்றாள் மகள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அவளுக்கு ஒரு பையனைப் பேசி முடித்திருந்தார்கள். மூன்று மாசத்தில் கல்யாணம்.

முதல் நாள் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடேயே போய்விட்டார். அதைப் பார்த்துத் தலைவர் மகிழ்ந்தார். “சாமானியர்னா இப்படித்தான் இருக்கணும்,” என்றார். அவர் பெரிய பதவிகளில் இருந்து ஓய்வு பெற்றவர். வாசனை போட்ட வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எப்போதும் மடித்துக் கையிலேயே வைத்திருப்பார். அவருக்கு வலப்பக்கம் அழகியல் நிபுணர். ஆயிரம் பக்கத்தில் ஒரு நூல் எழுதியவர். அதை முழுசாகப் படித்தவர் என்று இதுவரை யாரும் அகப்படவில்லை, அவர் உட்பட. இடப்பக்கம் டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் விசிலைச் சட்டைப்பையிலிருந்து ஓய்வு பெறவிடாதவர். மூலையில் குறிப்பெழுதும் அம்மாள், கையில் ஸ்டாப்வாட்சோடு. நடந்ததை நடந்தபடி எழுதுவது, நேரத்தை அளப்பது, இரண்டும் பத்தொன்பது வருஷமாக அவர் வேலை.

முதல் படத்தில் ஒரு கிழவரும் கிழவியும். கிழவர் கிழவியின் கால்களை மடியில் வைத்துப் பிடித்துவிடுகிறார். அவள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். அவர் குனிந்து அவள் உதட்டில் முத்தம் கொடுக்கிறார்.

“நாலே கால் விநாடி,” என்றார் குறிப்பெழுதும் அம்மாள்.

அரங்கில் விளக்குகளைப் போட்டார்கள். விவாதம் ஒன்றரை மணி நேரம் நடந்தது.

“முத்தம் மூணு விநாடி. அதுக்கு மேல போனா அது முத்தம் இல்லை, உள்நோக்கம்,” என்றார் தலைவர்.

“எனக்கு நேரம்கூட உறுத்தலை,” என்றார் அழகியல் நிபுணர். “ரெண்டு பேருமே சந்தோஷமா இருக்காங்க, அதுதான் உறுத்துது. ஒருத்தர் மட்டும் சந்தோஷமா இருந்தா அது காதல். ரெண்டு பேரும் இருந்தா ஆபாசம்.”

“லைட்டையும் அணைக்கலை,” என்றார் டிரில் மாஸ்டர்.

கிழவருக்கும் கிழவிக்கும் சேர்த்து நூற்று நாற்பது வயது இருக்கும். படத்துக்கு ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள், கால் பிடிக்கிற காட்சியை வெட்டிவிட்டு.

இரண்டாவது படத்தின் விவாதம் நாலு நிமிஷத்தில் முடிந்தது. ஒரு பையன் ஒரு பெண்ணைத் தலைமுடியைப் பற்றி அறைக்குள் இழுத்து வருகிறான். அறைகிறான். அவள் வேண்டாம் வேண்டாம் என்கிறாள். இன்னொன்று அறைகிறான். பிறகு அணைத்துக்கொள்கிறான். வயலின் வருகிறது, வயலினுக்குப் பின்னாலேயே கட்டில் வருகிறது.

“குடும்பத்தோடு காணலாம்,” என்றார் தலைவர்.

தையல்காரம்மா தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். “எப்படி சார்? அவ அழுறாளே?”

“அது கண்ணீர் இல்லைம்மா. கிளிசரின்.”

“கிளிசரினோ என்னவோ. அழணும்னுதானே ஊத்தியிருக்காங்க?”

தலைவர் சிரித்தார். சாமானியர்களிடம் பொறுமை காட்டவேண்டும் என்று அவரே பல மேடைகளில் பேசியிருக்கிறார். “விதி ஒன்பதைக் கேளுங்க. அறை விழுந்ததுல இருந்து அறுபது விநாடிக்குள்ள அணைச்சுட்டா அது வன்முறை ஆகாது. செல்ல அடி. இந்தப் பையன் நாற்பத்தெட்டுலயே அணைச்சுட்டான். நல்ல பையன்.”

“உதட்டுல ரத்தம் வருதே.”

“பெண்ணோட உதட்டுல சிவப்பா எது இருந்தாலும் உதட்டுச் சாயம்னு கொள்ளணும். விதி பதினாலு.”

“வேண்டாங்கிறாளே?”

“அதுக்குத்தான் விதி பதினொண்ணு. ‘காப்பாத்துங்க’ன்னு ரெண்டு தடவை தெளிவா சொல்லியிருக்கணும். அதுக்குக் குறைஞ்ச எந்தச் சத்தமும் சம்மதம். நாங்க யோசிக்காம எழுதலைம்மா. ஏழு வருஷம் உட்கார்ந்து எழுதினோம். சரி, உங்களுக்குச் சந்தேகம் வந்துட்டது. இன்னொரு தடவை போடுங்கப்பா.”

இதற்கு மறுபார்வை என்று பெயர். முத்தங்களுக்குத் தலைவர் மறுபார்வை கேட்டதில்லை. முத்தத்தில் அவருக்குச் சந்தேகமே வராது. அறைகளில் மட்டும் வரும். ஒருமுறை பார்ப்பார், முன்னால் நகர்ந்து உட்கார்ந்து இன்னொருமுறை பார்ப்பார், கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு மூன்றாம் முறை கேட்பார். எத்தனை முறை பார்த்தும் அவர் ஒரு விநாடியைக்கூட வெட்டியதில்லை. உழைப்பில் அப்படி ஒரு ஈடுபாடு என்று எல்லாரும் சொல்வார்கள்.

தையல்காரம்மா கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் எல்லாம் படித்தவர்கள். தனக்குப் புரியாத ஏதோ இருக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

ஆனாலும் கடையில் ஒரு விஷயம் அவரை நமநமவென்று அரித்தது. இந்த மாதிரிப் படம் ஒன்று வெளியாகி மூன்றாம் வாரம் ஆனால் போதும், ரவிக்கைக் கையை நீட்டித் தரச் சொல்லி நாலைந்து பெண்கள் துணியைக் கொண்டுவருவார்கள். கழுத்தை உயர்த்தித் தரச் சொல்லி இரண்டு பேர். வெயில் கொளுத்துகிற நாளிலும் வருவார்கள். ஃபேஷன் என்பார்கள். அவரும் அளவு எடுப்பார். எடுக்கும்போது கண்ணை நாடாவில் மட்டும் வைத்துக்கொள்வார். அது தொழில் மரியாதை.

அப்படி ஒரு மூன்றாம் வாரத்தில் மகள் தன் நீல ரவிக்கையைக் கொண்டுவந்து மேஷின்மேல் போட்டாள்.

“கையை மணிக்கட்டு வரைக்கும் நீட்டிக் கொடும்மா.”

“வேகுற வேக்காட்டுல எதுக்குடி?”

“இப்ப இதுதான் ஃபேஷன்.”

“கையைக் காட்டு. அளவு எடுக்கணும்.”

“பழைய அளவுலயே எடேன்.”

தையல்காரம்மா நாடாவைக் கீழே வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துத் திருப்பினார். மணிக்கட்டுக்கு மேலே வரிசையாக நாலு நீலக் கன்றல்கள். எதிர்ப்பக்கம் ஒன்று.

“கதவு இடிச்சிடுச்சு,” என்றாள் மகள்.

“எந்தக் கதவுக்குடி கட்டைவிரல் இருக்கு?”

மகள் கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் நூல்கண்டை உருட்டினாள். “கடையில யார்கூடவோ சிரிச்சுப் பேசினேன்னு கோபம். நீ நினைக்கிற மாதிரி இல்லைம்மா. உடனே கட்டிப்பிடிச்சு அழுதுட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகலை.”

“எத்தனை விநாடி?”

“என்னம்மா கேள்வி இது? அன்பு இருக்கிறவருக்குத்தானே கோபம் வரும். நீ கையெழுத்துப் போட்ட படத்துலயே அப்படித்தானே வருது? போன வாரம் அவர்தான் கூட்டிட்டுப் போனார். உங்கம்மாவே ஒத்துக்கிட்டாங்கன்னு காட்டினார்.”

சான்றிதழ் படத்தின் தொடக்கத்தில் திரை முழுக்க வரும். கீழே நாலாவது கையெழுத்து தையல்காரம்மாவுடையது. கொஞ்சம் கோணலாக இருக்கும். அவர் அன்று ரவிக்கைக்குக் கை நீட்டவில்லை. மேஷினை மூடிவைத்துவிட்டு, மகள் சொன்ன ஒரு நிமிஷத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார். விதி பையனிடம் வந்து சேர்ந்ததா, பையனிடமிருந்து விதி போனதா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வாரம் குறிப்பெழுதும் அம்மாள் கடைக்கு ஒரு மூட்டையோடு வந்தார். வாரியத்தின் விதிநூல். ஒட்டு விட்டுப்போய் ஏடு ஏடாகக் கழன்றிருந்தது. “பைண்டிங்குக்குக் கொடுக்கணும்னா மூணு கையெழுத்து வாங்கணும். நீங்களே முதுகுல நாலு தையல் போட்டுடுங்களேன்,” என்றார்.

தைக்க வேண்டுமானால் பக்கங்களை வரிசைப்படுத்த வேண்டும். வரிசைப்படுத்த வேண்டுமானால் படிக்க வேண்டும். ஏழு வருஷ உழைப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த முதல் ஆள் தையல்காரம்மாவாகத்தான் இருக்கும். நாற்பதாம் விதியில் அவருடைய ஊசி நின்றது.

“இது யார் எழுதினது?” என்று கேட்டார்.

“தலைவரே. பெண்களைப் பாராட்டுற விழா ஒண்ணுல வாசிச்சார். ஒரு நிமிஷம் கை தட்டினாங்க. நான்தான் அளந்தேன். யாரும் இதுவரைக்கும் பயன்படுத்தினதில்லை.”

“ஏன்?”

“யாருக்கும் சந்தேகம் வந்ததில்லையே.”

தையல்காரம்மா அந்த இடத்தில் மட்டும் இரட்டைத் தையல் போட்டார்.

அந்த வருஷத்தின் பெரிய காதல் படம் பார்வைக்கு வந்தது. நாடு முழுக்கத் தியேட்டர்கள் பிடித்துவைத்துவிட்டார்கள். சான்றிதழ்தான் பாக்கி. நடுவில் ஒரு காட்சி. மனைவி வேலை முடிந்து தாமதமாக வருகிறாள். கணவன் அவள் மணிக்கட்டைப் பற்றி முறுக்குகிறான், இரண்டு அறை, சுவரில் தள்ளுகிறான், அணைக்கிறான். ஐம்பத்திரண்டு விநாடி. வயலின். கட்டில்.

தலைவர் மறுபார்வை கேட்டார். மறுபடி கேட்டார். பதினோராவது தடவை முடிந்தபோது படம் ஓட்டுகிறவர் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

“தரம்,” என்றார் தலைவர், கைக்குட்டையை மடித்தபடி. “குடும்பத்தோடு காணலாம்.”

மூன்று கையெழுத்துகள் விழுந்தன. தாள் தையல்காரம்மாவிடம் வந்தது. அவர் பேனாவைத் தொடவில்லை.

“எனக்குச் சந்தேகம் சார். இது அடியா, அணைப்பான்னு.”

“இன்னொரு தடவை போடச் சொல்லவா?” தலைவர் ஆவலாகத் திரும்பினார்.

“வேண்டாம் சார். விதி நாற்பது.”

விதி நாற்பது என்றால் என்ன என்று எவருக்கும் ஞாபகமில்லை, அதை எழுதியவருக்கும். குறிப்பெழுதும் அம்மாள் புதுத் தையல் போட்ட நூலைப் பிரித்து, குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார்: “ஒரு காட்சி அடியா அணைப்பா என எந்த உறுப்பினருக்கேனும் ஐயம் எழுமாயின், அது அதே அவையில், அதே அளவில் செய்து காட்டப்படும். பெண்மை போற்றத்தக்கது ஆகையால், பெண் பாத்திரத்தை அவையில் ஆக உயர்ந்தவர் ஏற்பார்.”

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் அழகியல் நிபுணரைப் பார்த்தார்.

“நான் உங்களுக்குக் கீழதான் சார், எப்பவுமே,” என்றார் நிபுணர் பணிவாக.

“அது ஒரு... கவித்துவமான விதி,” என்றார் தலைவர்.

“நம்பர் போட்டிருக்கே சார்,” என்றார் தையல்காரம்மா. “கட்டில் வேண்டாம். வயலின் வரைக்கும் போதும்.”

ஆண் பாத்திரத்துக்கு டிரில் மாஸ்டர் எழுந்து நின்றார். விசிலை மேசைமேல் வைத்தார். “எந்தக் கை?” என்று கேட்டார்.

“படத்துல வலது,” என்றார் குறிப்பெழுதும் அம்மாள்.

“சும்மா தொட்டுக் காட்டினா போதும் மாஸ்டர்,” என்றார் தலைவர்.

“சார், முப்பத்தொரு வருஷம் டிரில் எடுத்தவன். எதையும் அரைகுறையா செஞ்சு பழக்கமில்லை. அதே அளவுன்னு எழுதியிருக்கு.”

முதல் அறையில் கைக்குட்டை பறந்தது. இரண்டாவது அறையில் தலைவர் சுவரோடு போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு டிரில் மாஸ்டர் அடுத்த உத்தரவை எதிர்பார்த்து அட்டென்ஷனில் நின்றுவிட்டார். நிபுணர் சைகை காட்டிய பிறகுதான் போய் அணைத்தார்.

“எழுபத்தொரு விநாடி,” என்றார் குறிப்பெழுதும் அம்மாள்.

“அடடா,” என்றார் தையல்காரம்மா. “அறுபதைத் தாண்டிடுச்சே. அப்ப இது வன்முறை ஆயிடும். தலைவரை அடிச்ச குத்தம் மாஸ்டர் தலையில விழும்.”

டிரில் மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. ஓய்வூதியக்காரர். “மறுபார்வை,” என்றார் அவசரமாக. “சரியா செஞ்சுடறேன்.”

“நிறுத்துங்க. வேண்டாம். என்னை விடுங்க,” என்றார் தலைவர்.

“சம்மதம்,” என்று எழுதிக்கொண்டார் குறிப்பெழுதும் அம்மாள்.

இரண்டாம் முறை மணிக்கட்டு நன்றாக முறுக்கப்பட்டது. தலைவருக்குத் தன் பதினோராவது விதி நினைவுக்கு வந்துவிட்டது. “காப்பாத்துங்க,” என்று கத்தினார். கட்டடமே கேட்டிருக்கும். பல் வைத்தியரின் வாசலில் காத்திருந்த இரண்டு பேர் மட்டும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். “காப்பாத்...” என்று இரண்டாம் தடவை தொடங்கும்போது அறை விழுந்துவிட்டது.

“ஒண்ணு தெளிவா இருக்கு. ரெண்டாவது பாதியில நின்னுடுச்சு,” என்றார் குறிப்பெழுதும் அம்மாள். “அணைப்பு நாற்பத்துநாலாவது விநாடியில.”

“செல்ல அடி,” என்றார் டிரில் மாஸ்டர், நிம்மதியாக, தலைவரை மார்போடு இறுக்கியபடியே.

“உதட்டுல என்னவோ சிவப்பா...” என்றார் நிபுணர்.

“உதட்டுச் சாயம்னு எழுதிக்கங்கம்மா,” என்றார் தையல்காரம்மா. “விதி பதினாலு. ஐயா, நீங்க அழகியல் படிச்சவர். இந்த முகத்தைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?”

நிபுணர் தலைவருக்கு அடுத்த இடத்தில் இருப்பவர். தலைவர் இல்லையென்றால் அந்த நாற்காலி அவருக்கு. நன்றாகப் பார்த்தார். “ஒரு ஒளி தெரியுது,” என்றார். “ஒருவித நிறைவு.”

“எனக்கு இன்னும் சந்தேகம் தீரலை,” என்றார் தையல்காரம்மா. “இன்னொரு தடவை. தலைவர் பதினோரு தடவை கேட்டார். நான் மூணாவதுதான் கேட்கிறேன்.”

மூன்றாவதும் நடந்தது. டிரில் மாஸ்டருக்கு இப்போது கை பழகிவிட்டது. முப்பத்தொன்பது விநாடி.

தலைவர் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார். தையல்காரம்மா கீழே கிடந்த கைக்குட்டையை எடுத்து, மடித்து, அவர் கையில் கொடுத்தார். சான்றிதழையும் பேனாவையும் பக்கத்தில் வைத்தார்.

“இப்பச் சொல்லுங்க சார். அடின்னு சொன்னீங்கன்னா இந்தப் படம் போகாது, இதுவரைக்கும் நீங்க விட்ட எதுவும் போயிருக்கக் கூடாது. அணைப்புன்னு சொன்னீங்கன்னா, உங்களுக்கும் மாஸ்டருக்கும் நடுவுல நடந்தது காதல்னு எழுதிட்டு நானும் கையெழுத்துப் போட்டுடறேன். எது?”

தலைவர் நெடுநேரம் டிரில் மாஸ்டரைப் பார்த்தார். டிரில் மாஸ்டர் வெட்கப்பட்டார்.

“கூத்தம்,” என்றார் தலைவர் வீங்கிய வாயால், “ஒத்திவைக்கப்பதுது.”

படிக்கட்டில் இறங்கும்போது குறிப்பெழுதும் அம்மாள் ஸ்டாப்வாட்சைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டார். “பத்தொன்பது வருஷமா இதை அமுக்குறேன். கட்டைவிரல் எப்பவும் வலிக்கும். இன்னிக்கு வலிக்கலை,” என்றார்.

பத்து நாள் கழித்து வாரியத்திலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. மேலே ஒரு கடிதம். தையல்காரம்மாவிடம் சாமானியருக்கு உரிய குழப்பம் காணப்படாததால் அவர் நீக்கப்பட்டதாகச் சொன்னது. அதன் கீழே கூட்டத்தின் குறிப்பு. கூட்டக்குறிப்பின் பிரதி, அன்றைய நிகழ்ச்சி தொடர்பான எல்லா இணைப்புகளோடும், கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் போகவேண்டும் என்பது முப்பத்தாறாம் விதி. குறிப்பெழுதும் அம்மாள் ஒன்றையும் விடவில்லை.

தையல்காரம்மா ஒரு வாடிக்கைக்காரரின் பேன்ட்டுக்கு இடுப்பைப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தார். உறையைப் பிரித்தது மகள்.

“பதவி போச்சும்மா உனக்கு,” என்றாள். பிறகு குறிப்பைப் படிக்க ஆரம்பித்தாள். ‘ஒரு ஒளி தெரியுது’ என்ற இடத்தில் பக்கென்று சிரித்தாள். “பாவம்மா அந்த ஆளு,” என்றாள். மேலும் படித்தாள். இரண்டாவது பக்கத்துக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் வரவில்லை. இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று தாள்கள் புரண்டன. கடைசித் தாளில் வெகுநேரம் நின்றாள். ஒரே ஒரு தாள். அதில் அப்படிப் படிக்க என்ன இருக்கும் என்று தையல்காரம்மா மேஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

மகள் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்றல் மஞ்சளாக மாறியிருந்தது. பக்கத்தில் புதிதாக ஒன்று இருந்தது.

“அம்மா, கத்தரிக்கோலை எடு.”

“எதுக்கு?”

“நீ நீட்டித் தரலைன்னு நானே நீட்டிக்கிட்டேன் இந்த ரவிக்கைக் கையை. கோணக்கோணையா இருக்கு. வெட்டிடு. பழைய அளவுக்கு.” கையை நீட்டினாள். “சாயங்காலம் அவர் வருவார். வாசல்லயே நிக்கவெச்சுப் பேசிக்கிறேன். அவர் எடுத்துக் கொடுத்த புடவை பீரோவுல இருக்கு, அதையும் மடிச்சு வை. கொடுத்துடணும்.”

“அழுவான்டி. கட்டிப்பிடிக்க வருவான்.”

“வரட்டும். ரெண்டு அடி தள்ளி நின்னுக்கிறேன்.”

தையல்காரம்மா முழங்கைக்கு மேலே அளந்து வெட்டினார். மகள் துண்டுத் துணியைக் குப்பையில் போட்டுவிட்டு மருந்துக்கடைக்குக் கிளம்பிப் போனாள். அவள் போன பிறகு தையல்காரம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கடைசித் தாளை எடுத்தார். இணைப்பு நாலு. தலைவரின் மருத்துவ விடுப்பு விண்ணப்பம், அவருடைய கையெழுத்திலேயே. விடுப்பு: மூன்று நாள். காயம்: இடது கன்னம், உதடு, வலது மணிக்கட்டு. காயத்துக்கான காரணம்: கதவு இடித்துவிட்டது.